இந்த வேலை யாருக்குப் போகிறது?

(மைசூரில் தமிழன்பர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'உழைப்பின் உயர்வு' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டதும் கொஞ்சம் தயக்கம் வந்தது. உழைப்பின் உயர்வைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மின்விசிறிக்குக் கீழே நின்றுதான் பேசுகிறார்கள். உழைக்கிறவர்கள் அந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை. அந்த நேரத்தில் அவர்களுக்கு வேலை இருக்கும். ஆகவே உயர்வு தாழ்வையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, நாம் குடியிருக்கிற இந்த ஊரிலேயே சில வேலைகளைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

தசராவின் ஜம்பு சவாரி ஊர்வலம் அரண்மனையில் கிளம்பி, சயாஜிராவ் சாலை வழியாகப் போய், பன்னிமண்டபத்தில் முடியும் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். யானை முதுகில் 750 கிலோ தங்க அம்பாரி. பார்க்க லட்சக்கணக்கில் சனம். அதே பன்னிமண்டபத்தில் ஓர் ஆலை இருக்கிறது. அதைப் பார்க்க யாரும் பாய் போட்டு இடம் பிடிப்பதில்லை. ஆனால் இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லோருடைய இடது ஆள்காட்டி விரலும் அந்த ஆலையை அறியும்.

தேர்தலில் விரலில் வைக்கிற அழியாத மை அங்கேதான் தயாராகிறது. மைசூர் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1937-ல் தொடங்கிய ஆலை அது. அப்போது அதன் பெயர் மைசூர் லாக் அண்ட் பெயிண்ட் ஒர்க்ஸ். காட்டில் கிடைக்கிற அரக்கைக் கொண்டு முத்திரை அரக்கும் வண்ணப்பூச்சும் செய்ய வேண்டும், நாலு பேருக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். சுதந்திரத்துக்குப் பிறகு அரசு நிறுவனமாயிற்று. இப்போதைய பெயர் மைசூர் பெயிண்ட்ஸ் அண்ட் வார்னிஷ்.

முதல் இரண்டு பொதுத் தேர்தல்களில் ஆள்மாறாட்டம் பெரிய தலைவலியாக இருந்தது. ஒரே ஆள் நாலு பெயரில் ஓட்டுப் போட்டுவிட்டுப் போனான். தேர்தல் ஆணையமும் சட்ட அமைச்சகமும் தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடமும் தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து ஏற்பாடு செய்து, 1962 தேர்தலிலிருந்து மை இங்கிருந்து போக ஆரம்பித்தது. அன்று முதல் இந்தியத் தேர்தல் ஆணையத்துக்கு மை கொடுப்பது இந்த ஒரே ஆலைதான். 2024 மக்களவைத் தேர்தலுக்கு மட்டும் 26 லட்சத்துக்கும் மேற்பட்ட குப்பிகள் போயின. பத்து மில்லி குப்பி ஒன்று, ஏறத்தாழ 700 பேருக்குக் காணும். இருபத்தைந்துக்கும் மேற்பட்ட வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதி ஆகியிருக்கிறது.

மையில் இருப்பது வெள்ளி நைட்ரேட். தோலில் பட்டதும் அங்குள்ள உப்போடு சேர்ந்து வெள்ளி குளோரைடாகி ஒட்டிக்கொள்ளும். வெளிச்சம் பட்டதும் கறுக்கும். சோப்புக்கு அசையாது. தோலின் அந்த அடுக்கு தானாக உதிர வேண்டும், நகம் வளர்ந்து வெட்டுப்பட வேண்டும். அதுவரை இருக்கும்.

இதில் என்னை இழுப்பது ரசாயனம் அல்ல. அந்த ஆலையில் குப்பிக்கு மூடி திருகுகிற ஒருவரை நினைத்துப் பாருங்கள். நாள் முழுக்க ஒரே வேலை. மூடி, அடுத்த மூடி, அதற்கடுத்த மூடி. வேலையாகப் பார்த்தால் இதைவிடச் சலிப்பானது உண்டா? ஆனால் ஓட்டுப்பதிவு அன்று சாயங்காலம் தொலைக்காட்சியைப் போட்டால் பிரதமர் விரலைக் காட்டுகிறார், நடிகர் விரலைக் காட்டுகிறார், மலைக்கிராமத்தில் பேரன் தோளைப் பிடித்து நடந்து வந்த பாட்டி விரலைக் காட்டுகிறாள். மூடி திருகினவரின் விரலிலும் அதே கறுப்பு. தான் அடைத்த குப்பிதானா என்று அவருக்குத் தெரியாது. தங்கள் ஆலையில் அடைத்தது என்பது நிச்சயம் தெரியும். தன் கை வேலை எங்கே போய்ச் சேர்கிறது என்று இவ்வளவு துலக்கமாகக் காண்கிற வாய்ப்பு எத்தனை பேருக்கு இருக்கிறது?

ஒரு சின்னக் கிளைக்கதை. 2016 நவம்பரில் பழைய ஐந்நூறு, ஆயிரம் நோட்டுகள் செல்லாமல் போனபோது, ஒரே ஆள் திரும்பத் திரும்ப மாற்ற வருகிறாரா என்று கண்டுபிடிக்க வங்கிகளில் விரலில் மை வைத்தார்கள். இதே மைதான். ஓட்டுச் சாவடியில் அந்தக் கறுப்பு 'நீயும் இந்த நாட்டின் ஓர் ஆள்' என்று சொல்லிற்று. வங்கி வரிசையில் 'உன்மேல் எங்களுக்குச் சந்தேகம்' என்று சொல்லிற்று. ஆலைக்காரர்கள் இரண்டு தடவையும் ஒரே பக்குவத்தில்தான் செய்து கொடுத்தார்கள். ஒரு வேலைக்கு மதிப்பு வருவது செய்கிறவர் கையில் மட்டும் இல்லை. வாங்குகிறவர் அதை என்ன செய்கிறார் என்பதிலும் இருக்கிறது. நான் இன்று சொல்ல வந்தது கிட்டத்தட்ட இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்குச் சாட்சி.

வேலையில் கெட்டிக்காரராக இருந்தால் போதாதா, யாருக்குப் பயன் என்றெல்லாம் எதற்குப் பார்க்க வேண்டும் என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் யாதவகிரியில் இருக்கிறது. எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் அங்கே வீடு கட்டிக் குடியிருந்தார். இப்போது அது நினைவில்லம். வீட்டுக்குள் தமிழ், தெருவில் கன்னடம், காகிதத்தில் ஆங்கிலம் என்று வாழ்ந்தவர். 1961-ல் வந்த அவருடைய 'தி மேன்-ஈட்டர் ஆஃப் மால்குடி' நாவலில் இரண்டு தொழில்காரர்கள். நடராஜ் ஒரு சின்ன அச்சகம் வைத்திருக்கிறான். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, பாட்டில் லேபிள், இவைதான் வியாபாரம். பெரிய சாமர்த்தியசாலி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாடியில் வந்து குந்துகிறவன் வாசு. எம்.ஏ. படித்தவன், பயில்வான், செத்த மிருகத்தின் தோலை உயிருள்ளதுபோல் பாடம் செய்கிற கலையில் சமர்த்தன். உழைப்புக்கும் குறைவில்லை. ராத்திரி பகல் பார்க்க மாட்டான். ஆனால் அவன் தொழில் வளர வளர காட்டில் உயிர்கள் குறைகின்றன, தெருவில் நாற்றம் ஏறுகிறது, கடைசியில் கோயில் யானைமேலேயே கண் வைக்கிறான். தன் நெற்றியில் உட்கார்ந்த கொசுவைத் தன் கையாலேயே அறைந்து சாகிறான். வாசுவிடம் இருந்த தொழில் திறமையில் பாதி நடராஜிடம் கிடையாது. ஆனாலும் நடராஜ் அச்சகத்தை ஒரு நாள் பூட்டினால் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ பத்திரிகை போகாது. வாசு கடையைக் கட்டினால் ஊர் நிம்மதியாகத் தூங்கும். அறுபது வருஷத்துக்கு முன்னால் எழுதியது. இன்று பெரிய சம்பளத்தில் வாசு வேலை பார்க்கிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று நான் எண்ணப் போவதில்லை; அவர்களுடைய அப்பா அம்மா சிலர் இங்கேயே இருப்பீர்கள்.

யாதவகிரி என்றதும் இந்த ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று ஞாபகம் வரும். ஐடியல் ஜாவா. 1961-ல் மோட்டார் சைக்கிள் உற்பத்தி தொடங்கி 1996-ல் மூடப்பட்ட ஆலை. ஜாவா, பிறகு யெஸ்டி. ஒரு காலத்தில் மைசூர்ப் பையனுக்குப் பெண் பார்த்தால் 'ஜாவாவில் வேலை' என்பது ஒரு தகுதி. மூடினபோது வீட்டுக்கு வந்தவர்களில் சிலர் சந்துக்குள் ஒரு தகரக் கொட்டகை போட்டு மெக்கானிக் ஆனார்கள். ஆலை மூடி ஏறத்தாழ முப்பது வருஷம் ஆகிறது, அவர்களிடம் இன்னும் வண்டி வருகிறது. ஜூலை மாதம் இரண்டாவது ஞாயிறு ஜாவா தினம் என்று ஊர் ஊராகக் கொண்டாடுகிற கூட்டம் ஒன்று இருக்கிறதே, அவர்கள் இந்தக் கிழவர்களைத் தேடிக்கொண்டு வருகிறார்கள்.

அப்படி ஒரு பெரியவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஜாவாவில் கிக்கரும் கியரும் ஒரே நெம்புகோல்தான். கிக்கரை உதைத்து, முன்பக்கம் மடக்கினால் அதுவே கியர். வண்டியைக் கொண்டுவந்த பையன் இதை ஆச்சரியமாகச் சொல்லிக்கொண்டிருந்தான், அவன் என்னமோ கண்டுபிடித்த மாதிரி. பெரியவர் காதில் வாங்கவில்லை. பாயிண்ட் இடைவெளியில் மெல்லிய தாள் ஒன்றைச் சொருகி, சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, தாள் எந்த இடத்தில் நழுவுகிறது என்று விரல் நுனியில் பார்த்துக்கொண்டிருந்தார். நழுவியதும் திருகாணியை இறுக்கினார். ஒரே உதை. வண்டி பிடித்துக்கொண்டது. புகைக்குழாய்ப் பக்கம் தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார். திரும்பவும் அணைத்துவிட்டு, ஒரு துளி திருகினார். பையன் 'சரியாத்தானே சார் இருக்கு' என்றான். 'உனக்குச் சரி' என்றார் அவர். பெரியவரின் கன்னடம் கலந்த தமிழில் அந்த இரண்டு வார்த்தையும் திட்டுகிற மாதிரிதான் இருந்தது. பையன் சந்தோஷமாகத்தான் நின்றான்.

சம்பளப் பட்டியல் போய்விட்டது, அடையாள அட்டை போய்விட்டது, ஆலைச் சங்கே ஊதுவதில்லை. ஆனால் அவர் வேலை யாருக்குப் போகிறது என்பது அவர் கண்ணெதிரே நிற்கிறது.

மைசூரை ஓய்வூதியர்களின் சொர்க்கம் என்பார்கள். இந்த அரங்கத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நம்மில் பலருக்கு ஓய்வு பெற்ற அடுத்த திங்கட்கிழமைதான் வாழ்க்கையிலேயே நீளமான நாளாக இருந்திருக்கும். உடனே ஏதாவது உபயோகமாக இருக்க வேண்டும் என்று துடிப்பு வரும். அந்தத் துடிப்பில் அக்கம்பக்கத்துக்கு ஆலோசனை சொல்லக் கிளம்பிவிடுகிறோம். குக்கரஹள்ளி ஏரிக் கரையில் காலையில் நடப்பவர்களுக்குத் தெரியும், எதிரே ஒருவர் வேகமாக வந்து சட்டென்று வேறு பாதையில் திரும்பினால், பின்னால் ஓர் ஓய்வு பெற்ற அதிகாரி வருகிறார் என்று பொருள். தேவைப்படுகிறவருக்குத் தேவைப்படுகிறது கிடைத்தால்தான் உபயோகம். நமக்குக் கொடுக்கத் தோன்றுவதைக் கொடுத்தால் அது நம் ஆசை.

இந்த வித்தியாசத்தை நம்முடைய பழைய கதை ஒன்று அழகாகப் பிடித்து வைத்திருக்கிறது. பெரியபுராணத்தில் திருக்குறிப்புத் தொண்டர். காஞ்சிபுரத்து வண்ணார். குளிரில் நடுங்குகிற ஒரு கிழவர் அழுக்குக் கந்தையோடு வருகிறார். உடுத்த வேறு துணி இல்லை, பொழுது சாய்வதற்குள் வெளுத்துக் காயவைத்துத் தர வேண்டும் என்கிறார். இவர் ஒப்புக்கொள்கிறார். மழை பிடித்துக்கொள்கிறது. விடவே இல்லை. இருட்டப் போகிறது. துவைக்கிற கல்லில் தலையை மோதிக்கொள்ளப் போகிறார், இறைவன் கை வந்து தடுக்கிறது. பக்திக் கதையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் தலையை மோதிக்கொள்ளப் போகிறவர் எதற்காக அழுதார் என்று பாருங்கள். வந்தவர் சிவன் என்பது அவருக்குத் தெரியாது. சொன்ன நேரத்துக்குத் துணி கொடுக்க முடியவில்லை, ஒரு கிழவர் ஈரத்தில் விறைத்துப் போவாரே என்றுதான் அழுதார்.

இதோடு சேர்த்து வைக்கக் கன்னட நாட்டுக் கதை ஒன்றும் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் கல்யாண நகரத்தில் பசவண்ணரைச் சுற்றிக் கூடின சரணர்கள் எனும் சிவனடியார்களில் பெரும்பாலோர் தொழில்காரர்கள். மடிவாள மாச்சையா துணி வெளுத்தார், அம்பிகர சௌடையா ஓடம் விட்டார், நுலிய சந்தையா கயிறு திரித்தார். அவர்களில் ஆய்தக்கி மாரையாவின் தொழில் சிந்திக் கிடக்கிற அரிசியைப் பொறுக்குவது. அதைச் சமைத்து அடியார்களுக்குப் போட்டுத் தாங்களும் சாப்பிடுவார்கள், அவரும் மனைவி லக்கம்மாவும். ஒருநாள் மாரையா வழக்கத்தைவிடக் கூடுதலாக அரிசி கொண்டுவந்தார். லக்கம்மா அதைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வரச் சொன்னாள். இன்றைக்கு வேண்டியதற்கு மேல் நமக்கு எதற்கு என்பது அவள் கேள்வி. இன்னொரு தடவை அவர் ஞானிகளின் சபையில் தத்துவம் கேட்டு மெய்ம்மறந்து உட்கார்ந்துவிட்டார். பொழுது போகிறது, வேலை நிற்கிறது, எழுந்து வா என்று அங்கேயும் லக்கம்மாதான் கூப்பிட்டாள். உழைப்பே கயிலாயம் என்ற சரணர் வாக்கை எல்லோரும் மேடையில் சொல்கிறோம். அதிகமாக வந்த கூலியை என்ன செய்வது என்று லக்கம்மா எழுப்பிய கேள்வியை மட்டும் நைசாக விட்டுவிடுகிறோம். அது கேட்கப்பட வேண்டியது அரிசி பொறுக்குகிறவரிடம் அல்ல, களஞ்சியம் வைத்திருக்கிறவரிடம்.

இங்கேதான் எனக்கு 'உழைப்பின் உயர்வு' என்ற தலைப்போடு சண்டை. பெங்களூரில் கெங்கல் ஹனுமந்தையா கட்டிய சட்டமன்றக் கட்டடமான விதான சௌதாவின் முகப்பில், அரசாங்கப் பணி ஆண்டவன் பணி என்று பொறித்திருக்கிறது. நல்ல வாசகம். ஆனால் பல ஆண்டுகளாக அரசாங்கத்தின் தெருக்களைக் கூட்டினவர்களில் கணிசமானவர்கள் அரசாங்கப் பணியாளர்களே அல்ல. ஒப்பந்தக்காரரின் ஆட்கள். ஆண்டவனுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு கான்ட்ராக்டர்.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015-ல் மத்திய அரசு 476 நகரங்களின் தூய்மையை அளந்தபோது மைசூர் முதலிடம். 2016-ல் 73 நகரங்களில் மறுபடியும் முதலிடம். நாம் எல்லோரும் சென்னையில் இருக்கிற மச்சானுக்குத் தொலைபேசியில் சொல்லிப் பெருமைப்பட்டோம். பரிசு மேடையில் அதிகாரிகள் நின்றார்கள். விளக்குமாறு பிடித்தவர்களில் பலருக்கு அப்போது நிரந்தர வேலை கிடையாது. 2017-ல்தான் ஒப்பந்த முறையை ஒழித்து நேரடிச் சம்பளம் என்று மாநில அரசு முடிவெடுத்தது. அதற்குப் பிறகும் நிரந்தரம் வரவில்லை. 2022 ஜூலையில் மாநிலம் முழுக்க பௌரகார்மிகர்கள் எனப்படும் துப்புரவுத் தொழிலாளர்கள் துடைப்பத்தைக் கீழே வைத்தார்கள். குப்பை தேங்கிய சில நாட்களிலேயே அரசு நிரந்தரமாக்க உறுதி சொன்னது. அத்தனை வருஷம் கூட்டினபோது கண்ணில் படாதவர்கள், கூட்டாமல் இருந்தபோது கண்ணில் பட்டார்கள்.

கண்ணில் படக் கூடாது என்றே இந்த ஊர் கட்டப்பட்டிருக்கிறது. சாமராஜபுரம் போன்ற பழைய பேட்டைகளில் வீட்டு வரிசைக்குப் பின்னால் குறுகலான சந்து ஒன்று ஓடும், பார்த்திருப்பீர்கள். கன்சர்வன்சி லேன். 1890-களின் கடைசியில் பிளேக் வந்து ஊரைச் சூறையாடிய பிறகு, 1903-ல் நகர அபிவிருத்திக் குழு அமைத்து, காற்றும் வெளிச்சமும் வர அகலமான தெருக்களைப் போட்டார்கள். இந்தியாவிலேயே முன்னோடியான நகரத் திட்டம் என்று புத்தகங்கள் பாராட்டும். பாராட்ட வேண்டியதுதான். முன்வாசல் அகலத் தெரு நமக்கு. பின்வாசல் சந்து கழிவெடுக்க வருகிறவருக்கு. வருவார், எடுப்பார், போவார். முகம் பார்க்க வேண்டிய அவசியமே இருக்காது. தலையில் மலம் சுமக்கிற கொடுமைக்குக் கர்நாடகத்தில் தடை வந்தது 1970-களின் தொடக்கத்தில், தேவராஜ் அர்ஸ் அமைச்சரவையில் பி. பசவலிங்கப்பா அமைச்சராக இருந்தபோது. அதுவரை அந்தச் சந்துகளில் நடந்தவர்களால் வந்த பயனைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அவர்கள் இல்லாமல் ஒரு வாரம் ஊர் தாங்காது. அத்தனை உபயோகமாக இருந்தும் மரியாதை வரவில்லை. பயனுள்ளவனாக இரு, தானாக மரியாதை வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோமே, அதை அந்தச் சந்துக்குள் நின்று சொல்ல முடியுமா?

கும்பாரகொப்பலில் குப்பை தரம் பிரிக்கிற இடம் இருக்கிறது. நம் வார்டு குடிமக்கள் அமைப்பு நடத்துவது. அங்கே பெண்கள் பால் பாக்கெட் தனி, தேங்காய் மட்டை தனி, கெட்டி பிளாஸ்டிக் தனி என்று கையால் பிரிப்பதைப் பார்த்தால், அந்த வேகத்தில் ஒரு நேர்த்தி தெரியும். ஈரக் குப்பையும் உலர்ந்ததும் கலந்த மூட்டை வந்தால் வேகம் குறைகிறது. பிளேடு இருக்குமோ, கண்ணாடி இருக்குமோ என்று விரல் தயங்குகிறது. நம் வீட்டில் யாருக்குச் சர்க்கரை வியாதி, யார் வீட்டில் நேற்று விருந்து என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். நமக்கு அவர்கள் பெயர்கூடத் தெரியாது. மை ஆலையைப் பற்றி நான் சொன்னேனே, வேலை போய்ச் சேர்கிற இடம் தெரிவதே ஒரு பாக்கியம் என்று, இவர்களுக்கு அது ஏராளமாகவே தெரியும். தெரியாதது நமக்குத்தான்.

செப்டம்பர் 23 பௌரகார்மிகர் தினம். மாலை போடுவார்கள், புடவை கொடுப்பார்கள், ஒரு வேளைச் சாப்பாடு. குறை சொல்லவில்லை, நடக்கட்டும். 1970-களில் ஐ.பி.டி. சாலப்பா தலைமையிலான குழு, ஐந்நூறு பேர் மக்கள்தொகைக்கு ஒரு தொழிலாளி வேண்டும் என்று பரிந்துரை செய்தது. மாலையைவிட அந்தக் கணக்கு அவர்களுக்கு முக்கியம். ஆள் குறைந்தால் ஒருவர் இரண்டு பேர் தெருவைக் கூட்ட வேண்டும். புகழ்ந்து பேசினால் தெரு குட்டையாகிவிடாது.

நம் தெருவைக் கூட்டுகிற அம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், உங்களுக்கு என்னம்மா பெரிய கஷ்டம் என்று. சம்பளம், நிரந்தரம் என்று ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். காலை ஆறு மணிக்குத் தெருவில் இறங்கினால் மத்தியானம் வரைக்கும் ஒதுங்க இடம் கிடையாது, அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வோம் என்றார். இத்தனை வீடு இருக்கிற தெருவில்.

செயலாளர் அவர்களே, இந்தக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இரண்டு கழிப்பறைகள் இருக்கின்றன. தண்ணீர் வருகிறது, பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறினேன். பத்து மணிக்குத்தான் திறக்கிறீர்கள். இங்கே இருக்கிற பெரியவர்களில் பாதிப் பேர் ஐந்து மணிக்கே எழுந்து நடக்கப் போகிறவர்கள். வாரத்துக்கு ஒருவராகச் சாவியை வைத்துக்கொண்டு ஆறு மணிக்குத் திறந்து, மின்விளக்கைப் போட்டு, வாசலில் ஒரு குடம் குடிநீர் வைத்துவிட்டு நடக்கப் போகலாம். முதல் வாரம் யார் என்று இப்போதே கேட்டுவிடுங்கள். கூட்டம் கலைந்தால் பிடிக்க முடியாது.